மண்ணின் நாடி



மத்திய மலைநாட்டில் மஸ்கெலியா என்னும் ஊரை அறிந்தவர்கள் அங்குள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் அறிந்திருப்பார்கள். 1969ஆம் ஆண்டில் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் காலங்களில், அமிழ்ந்து கிடந்த கோயிலும் பழைய கட்டடங்களின் எச்சங்களும் மெல்லத் தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று அவற்றைக் கண்டு வருகிறார்கள். நீருக்குள் மறைந்தது இவ்வாறு என்றேனும் ஒருநாள் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மண்ணுக்குள் மறைந்ததன் கதை வேறு. நிலத்தின் மேல் புல்லும் தேயிலையும் பச்சைப் பசேலென்று தழைத்திருக்க, உள்ளே எண்ணெயோ நஞ்சோ அடியடியாக நகர்ந்து செல்லக்கூடும். கிணற்று நீர் நாறும்போதுதான் அதனை நாம் உணர்கிறோம். அதற்கு முன்னரே அறிந்துகொள்ள வழி உண்டா? மண்ணின் உள்ளே இருப்பதை அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே அளந்தறியும் முறைகளைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சி எவ்வளவு அவசியமானது என்பதை விளக்க, மலைநாட்டிலிருந்து சற்று வடக்கே செல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அங்குள்ள மக்களுக்கு நிலத்தடி நீரே உயிர்நீர், கிணறே கங்கை. அந்தக் குடாநாட்டின் நடுப்பகுதியில் உள்ள சுன்னாகத்தில், எண்ணெய் எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்கள் இயங்கி வந்தன. 2013ஆம் ஆண்டளவில் அதன் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்திருப்பதாக மக்கள் முறையிடத் தொடங்கினர். வாளியை இறக்கி நீர் மொண்டவர்கள் அதன்மீது வானவில் போன்ற படலத்தைக் கண்டனர். பின்னர் பல குடும்பங்கள் தம் வீட்டு முற்றத்தில் கிணறு இருக்கவே, வண்டியில் வரும் குடிநீருக்காகக் காத்து நிற்க நேர்ந்தது. வழக்கு நீதிமன்றங்களுக்குச் சென்றது. இறுதியில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை எடுத்துரைத்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாக 2 கோடி ரூபாய் செலுத்துமாறு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையில் சென்ற ஆண்டுகளை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் எழுந்த கேள்விகள் எல்லாம் மண்ணுக்குள் விடை காண வேண்டிய கேள்விகளே. எண்ணெய் உண்மையில் உள்ளதா? எவ்வளவு தொலைவு பரவியுள்ளது? இது அண்மையில் கசிந்ததா, பழைய காலத்துக் கழிவெண்ணெயா? ஆய்வு செய்தவர்களின் முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. இத்தகைய முரண்பாட்டுக்குப் பொதுவாகவே காரணங்கள் உண்டு. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது. நீர்மட்டம் மழைக்கு உயர்ந்து கோடைக்குத் தாழும்போது அதுவும் உடன் ஏறி இறங்கும். மாரியில் எடுத்த போத்தல் ஒன்று சொல்லும், கோடையில் எடுத்த போத்தல் வேறொன்று சொல்லும். கிணற்றின் மேற்பரப்பில் மொண்ட நீரும் அடியில் எடுத்த நீரும் ஒன்றாக இரா. அன்றியும், எண்ணெயையும் கொழுப்பையும் சேர்த்து அளக்கும் வழக்கமான சோதனையில் நிலத்து எண்ணெயும் சமையல் எண்ணெயும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

மண் மாசினைக் கண்டறிய நெடுங்காலமாக நாம் கையாளும் முறை யாது? நிலத்தில் சில குழிகள் தோண்டுவோம். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்துப் புட்டியில் அடைத்து ஆய்கூடத்துக்கு அனுப்புவோம். விடை வருவதற்கு நாட்களோ வாரங்களோ செல்லும். வந்த விடை, ‘இன்னும் சற்றுக் கிழக்கே தோண்டியிருக்க வேண்டும்’ என்று உணர்த்தினால் மீண்டும் ஆட்கள் வர வேண்டும். மீண்டும் தோண்ட வேண்டும். மீண்டும் காத்திருக்க வேண்டும். ஆய்கூடத்தின் கணக்கில் பிழை இல்லை. மிகத் துல்லியமான கணக்குத்தான் அது. ஆனால் அது துல்லியமாகச் சொல்வது அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றி மட்டுமே. அதற்கு ஒரு முழம் தள்ளி என்ன இருக்கிறது என்பதை அது அறியாது. மாசோ நிலத்தில் சமமாகப் பரவுவதில்லை. மணல் உள்ள வழியே விரைந்து ஓடும்; களி குறுக்கிட்டால் அதன்மேல் தேங்கும்; பழைய வேர் அழுகிய துளை ஒன்று கிடைத்தால் அதன் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும்.

மருத்துவர் ஒருவர் நோயாளியின் அருகில் அமர்ந்து நாடி பிடித்துப் பார்க்கும்போது, கேட்டறிந்த ஒவ்வொன்றும் அடுத்த கேள்விக்கு வழிகாட்டுகிறது. நிலத்தையும் அவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதே புதிய முறையின் கருத்து. இதற்கு அடிப்படையான கருவி பழையது. ஒல்லாந்து நாட்டில் நிலம் மென்மையானது. அங்கு கட்டடம் எழுப்புவோர், அடிநிலம் பாரம் தாங்குமா என்று அறிய, 1930களிலேயே கூம்பு முனை கொண்ட இரும்புக் கோலை நிலத்தில் அழுத்திப் பார்த்தனர். அழுத்தத்துக்கு மண் காட்டும் எதிர்ப்பைக் கொண்டு, அது மணலா களியா என்று தெரிந்துகொண்டனர். இன்றும் அந்தக் கூம்பு, விநாடிக்கு 2 சென்ரிமீற்றர் என்ற சீரான வேகத்தில் மண்ணுக்குள் செலுத்தப்படுகிறது. 1990களில் அறிஞர்கள் அந்தக் கோலின் முனையில் வேறு பல உணர்கருவிகளைப் பொருத்தினர். கோல் இறங்கும்போதே அவை தாம் கண்டதை மேலே உள்ள திரைக்கு அனுப்புகின்றன. எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கோட்டுப்படம் கண்முன்னே வரையப்பட்டுக்கொண்டே வருகிறது.

அவ்வுணர்கருவிகளுள் நான்கினை இங்கே அறிமுகம் செய்வோம். முதலாவது மின்சாரத்தை மண் எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்று அளப்பது. களிமண் பொதுவாக நன்கு கடத்தும். மணல் அவ்வளவு கடத்தாது. உப்புச் செறிந்த நீர் மிக நன்கு கடத்தும். இரண்டாவது, கோலின் பக்கத்தில் உள்ள சிறு துவாரத்தின் வழியே மண்ணுக்குள் நீரைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. நீர் எளிதாகப் புகுந்தால் மாசும் அவ்வழியே எளிதாகச் செல்லும் என்பது தெளிவு. மூன்றாவது ஒரு சவ்வு. ஏறத்தாழ 120 பாகை வெப்பத்துக்குச் சூடாக்கப்பட்ட அந்தச் சவ்வு, அருகில் உள்ள மண்ணில் ஆவியாகக்கூடிய பொருள்களை ஆவியாக்கித் தன்னூடே உட்புக விடுகிறது. உள்ளே ஓடும் வாயு அவ்வாவியை மெல்லிய குழாய் வழியே மேலே கொண்டுவர, அங்குள்ள கருவி அதனை இனங்காணுகிறது. பெற்றோல், கரைப்பான்கள் முதலியவற்றைக் காண இது உதவும். நான்காவது ஒளி. கோலில் உள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஊதாக்கடந்த கதிரை மண்மீது வீசினால், டீசல் முதலிய எண்ணெய்களில் உள்ள சில கூறுகள் அவ்வொளியை ஏற்று வேறு நிறத்தில் ஒளிரும். அந்த ஒளிர்வைக் கொண்டு, எண்ணெய் இருக்கிறதா என்பதோடு எவ்வகை எண்ணெயாக இருக்கலாம் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இவை எவ்வாறு பயன்படும் என்பதை விளக்கக் கற்பனையாக ஒரு தேயிலைத் தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். மேட்டில் தொழிற்சாலை, அதன் பின்புறம் எண்ணெய்த் தாங்கி, சரிவில் தேயிலை, கீழே லயங்கள், லயத்துக்கு அருகே மலை ஊற்றிலிருந்து நீர் விழும் பீலி. கொழுந்தெடுத்துத் திரும்பிய தாய் ஒருத்தி குடத்தை முகர்ந்து பார்த்து, “தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்கிறது” என்கிறாள். அந்தத் தோட்டத்தின் முதல் உணர்கருவி அந்தத் தாயின் நாசியே. அவளுடைய சொல்லைப் பொருட்படுத்துவதே ஆராய்ச்சியின் முதற்படி. ஆய்வாளர் தாங்கிக்கு அருகில் முதற் கோலை இறக்குகிறார். மூன்று மீற்றர் ஆழத்தில் ஒளிர்வு தோன்றுகிறது. பத்து மீற்றர் கீழே தள்ளி அடுத்த கோல், அங்கும் தோன்றுகிறது. நேர்கீழே மூன்றாவது கோல். அங்கே ஒன்றும் இல்லை. பழைய முறையாயின் இந்த இடத்தில், ‘மாசு பரவவில்லை’ என்று எழுதி மூட்டை கட்டியிருப்பார்கள். இங்கோ கருவி இன்னும் நிலத்தில் நிற்கிறது. நீர் அழுத்தக் கணக்கோ, நீர் எளிதிற் செல்லும் படை இடப்பக்கமாகத் திரும்புவதைக் காட்டுகிறது. நாலாவது கோலை இடப்பக்கம் இறக்கினால் எண்ணெய் மீண்டும் அகப்படுகிறது. மாலைக்குள் அதன் பாதை பீலி வரை வரையப்பட்டுவிடுகிறது. அன்றிரவே அந்தப் பீலியை மூடி, மாற்று நீருக்கு ஏற்பாடு செய்யலாம்.

சரிவு நிலத்தில் இந்த நுட்பத்துக்குத் தனிப் பெருமை உண்டு. சமநிலத்தில் நீர் பெரும்பாலும் நேரே கீழிறங்கி நிலத்தடி நீருடன் கலக்கும். மலைநாட்டிலோ மேல்மண்ணுக்கும் அடியில் உள்ள இறுகிய படைக்கும் இடையே பக்கவாட்டில் வழிந்து, எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக வெளிப்படும். மழைநீரை வடிப்பதற்காகத் தோட்டங்களில் வெட்டிய கான்களும் அதன் போக்கை மாற்றும். ஆகவே மாசு புகுந்த இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று. கண்ணால் பார்த்து ஊகிப்பவர் ஏமாந்துபோவார்.

இவ்வாறு கண்டதைக் கொண்டு அடுத்த அடியைத் தீர்மானிக்கும் வழக்கத்தை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஒரு முறையாகவே வகுத்துப் பரப்பியது. அதற்கு மூன்று உறுப்புகள். முதலாவது, எந்த முடிவை எடுப்பதற்காக அளக்கிறோம் என்பதைச் சம்பந்தப்பட்ட எல்லோரும் கூடி முன்னரே தீர்மானித்தல். இரண்டாவது, வேலைத்திட்டத்தைக் களத்தில் தெரியவருவதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் வைத்தல். மூன்றாவது, உடனுக்குடன் அளத்தல். கருவியை மட்டும் வாங்கிவிட்டு முதல் இரண்டையும் விட்டுவிடுபவர், நாடி பிடிக்கத் தெரியாமல் மணிக்கூடு மட்டும் கட்டிக்கொண்ட மருத்துவருக்கு ஒப்பானவர்.

இனி இந்த முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவி காட்டுவது அறிகுறி. அது இறுதித் தீர்ப்பு ஆகாது. ஒளிரும் பொருள் யாவும் எண்ணெய் அன்று. அழுகிய இலைதழை நிறைந்த மண்ணும் சில கனிப்பொருள்களும் ஒளிரக்கூடும். நெடுங்கால மழையில் நன்கு சிதைந்த மலைநாட்டு மண்ணில், களிக்கும் மணலுக்கும் உள்ள மின்கடத்தல் வேறுபாடு குறைவாக இருக்கக்கூடும். ஆதலால் கருவி காட்டிய இடங்களுள் சிலவற்றிலிருந்து மண்ணும் நீரும் எடுத்து ஆய்கூடத்தில் உறுதிசெய்தே ஆக வேண்டும். ஆய்கூடம் இதனால் தேவையற்றதாகிவிடவில்லை. எங்கே மாதிரி எடுப்பது என்பதை அறிந்த பின் அதன் துல்லியம் முழுப் பயன் தருகிறது. மேலும், கோல் சென்ற துளையை அப்படியே விட்டுவிடலாகாது. மேலே தேங்கி நின்ற மாசு அதன் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும். நீரில் ஊறிப் பருக்கும் பெந்தொனைற்றுக் களியைக் கொண்டு அதனை அடைத்துவிட வேண்டும்.

பாறையும் ஒரு தடை. அழுத்தும் கோல் மண்ணிற் செல்லும், கல்லிற் செல்லாது. சுன்னாகத்தின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. அத்தகைய இடத்தில் இருக்கும் கிணறுகளையே சாளரங்களாகக் கொள்ள வேண்டும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டத்தை அறிந்து ஒலி எழுப்பும் கருவியைக் கிணற்றில் இறக்கலாம். நீர்மட்டத்தையும் கடத்துதிறனையும் இரவு பகலாகப் பதிவு செய்யும் கருவியை உள்ளேயே விட்டுவைக்கலாம். நிலத்தின்மேல் முளைகளை அடித்து மின்னோட்டம் செலுத்தி, அடிநிலத்தின் மின்தடையை வரைந்து பார்க்கலாம். மலைநாட்டிலும் மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடப்பதுண்டு. பாரமான வண்டி ஏற முடியாத சரிவுகளும் உண்டு. அங்கெல்லாம் கையால் திருகும் துளைகருவியும், ஒருவர் சுமந்து செல்லக்கூடிய சிறு கருவிகளுமே ஏற்றவை.

அத்தகைய கைக்கருவிகளுள் ஒன்று தேயிலை நாட்டுக்கு மிகவும் பொருத்தமானது. 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. இளங்கொழுந்தையே அழிக்கும் அந்தப் பூஞ்சண நோயைத் தடுக்கச் செப்புச் சேர்ந்த மருந்துகள் பரவலாகத் தெளிக்கப்பட்டன. செப்பு மக்கிப்போகும் பொருள் அன்று. மழையில் இலையிலிருந்து கழுவப்பட்டு மண்ணில் விழுந்தால், அங்குள்ள உக்கலுடன் பிணைந்து மேற்படையிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். எக்ஸ் கதிரை மண்மீது செலுத்தி, அது எழுப்பும் மறுகதிரைக் கொண்டு செப்பு, ஈயம் முதலிய உலோகங்களை அளக்கும் கைக்கருவி ஓரிரு நிமிடங்களில் விடை தருகிறது. ஈரமான மண்ணில் அதன் கணக்குக் குறைந்து காட்டும். மழை ஓயாத மஸ்கெலியாப் பக்கங்களில் மண்ணை உலர்த்திப் பார்ப்பதே முறை. பழைய தவறணை இருந்த இடம், மருந்து கலக்கிய இடம், மருந்துக் களஞ்சியத்தின் வாசல் ஆகியவற்றை அரை நாளில் இவ்வாறு நடந்து அளந்துவிடலாம். தோட்டம் முழுவதையும் ஐயுறத் தேவையில்லை. ஐயத்துக்குரிய சில இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். நைத்திரசன் உரத்தின் சங்கதி வேறு. அதிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று மண்ணில் ஒட்டாமல் நீருடன் போய்விடும். அதனை ஊற்றிலும் ஓடையிலும் இடையறாது அளக்க வேண்டும்.

இவ்வளவும் அளந்த பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எவ்வளவு இருந்தால் தீங்கு? எவ்வளவு அகற்றினால் போதும்? தமிழகத்தின் கொடைக்கானல் மலையில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று, பாதரசக் கழிவு வெளியான செய்தி எழுந்து 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த நிலத்தின் மண்ணில் எத்தனை பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்ற விவாதம் அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றனர் சிலர். சோலையும் ஓடையும் சூழ்ந்த மலைக்கு அது மிக அதிகம் என்றனர் வேறு சிலர். எந்தக் கருவியும் இந்தக் கேள்விக்கு விடை கூறாது. எண்ணைத் தருவது கருவியின் கடமை. அந்த எண்ணை வைத்து நீதி செய்வது மனிதரின் கடமை. எனினும் எண் காலத்தே கிடைத்தால், பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு வாதாட வேண்டியதில்லை.

மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. லயத்துப் பீலியில் ஒரு குடம் நிரப்பும் தாயும், கொழும்பில் குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் அருந்தும் கனவானும் ஒரே மலையின் நீரையே பருகுகிறார்கள். மலையின் மண்ணுக்கு நேர்வது மலையோடு நின்றுவிடுவதில்லை. பழைய மஸ்கெலியாவைக் காண நாம் கோடைக்குக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பில் கேடு ஒன்றும் இல்லை. குடிக்கும் நீருக்கு மேலே உள்ள மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அறியவோ அவ்வாறு காத்திருத்தல் ஆகாது. அளந்தறியும் கருவிகள் இன்று உள்ளன. பீலியடியில் நின்று, “தண்ணீரில் வாடை அடிக்கிறது” என்று ஒருத்தி சொல்லும்போது, அந்தச் சொல்லைக் கேட்டு அன்றே கருவியை எடுத்துக்கொண்டு புறப்படும் மனமும் நமக்கு வேண்டும்.